மேலும் காண்க

திருத்தணி
8-8-2025, வெள்ளிக்கிழமை

பிழை திருத்தும் கோதண்டம் அவர்களுக்கு,

ஜெயம்மாள் எழுதுவது. நலமா என்று கேட்க மனசு வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். பேஸ்புக்கில் நீங்கள் நடத்துகிற ‘தணிகைத் தமிழ் அன்பர்கள்’ கூட்டத்தில் நானும் இருந்தேன், போன திங்கட்கிழமை வரைக்கும். மாசி மாதம் நான் மலையடிவாரத்துப் பூக்கடைகளைப் பற்றி எழுதினதுக்கு அடியில் ஒன்பது தப்பு என்று போட்டீர்கள். பங்குனியில் ஆறு. சித்திரையில் ஒன்றும் இல்லை, அப்போது உங்களுக்குக் கண் ஆபரேஷன் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எல்லாம் ஞாபகம் இருக்கு. திங்கட்கிழமை நான் உங்களைத் திட்டி நாலு வரி போட்டதும் என்னை வெளியே தள்ளிவிட்டீர்கள். அது பரவாயில்லை, அந்தக் கணக்கை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

இலவசக் கையேடு வேண்டுவோர் எழுதவும் என்று அரக்கோணம் விலாசம் கொடுத்திருந்தீர்கள். அதைப் பேத்தி மோனிஷா பார்த்து எழுதிக் கொடுத்தாள். போனில் பேசினால் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சுஜாதா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். தெலுங்கில் படித்தவள் போலிருக்கு. அம்மா வாயில் கேட்டுகினு வளர்ந்த தமிழைப் போனில் தட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை மத்தியானம் அதுக்கு அடியில் நீங்கள் பதினேழு தப்பு என்று நம்பர் போட்டு வரிசையாக எழுதினீர்கள். முப்பது பேர் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் அவள் எழுதினதும் இல்லை, ஆளும் இல்லை. என்னாத்துக்கு ஐயா அப்படிச் செய்தீர்கள்?

அவள் என் தங்கச்சி கன்னியம்மாள் பெற்ற பெண். அந்தத் தங்கச்சி முப்பத்தஞ்சு வருசமாக எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆந்திரா பக்கம் என்று மட்டும் தெரியும்.

அவள் எழுதினது அப்படியே மனசில் இருக்கு, கேளுங்கள். ‘வணக்கம். நா சுஜாதா. எங்க அம்மா பேரு கன்னியம்மாள். அம்மாக்கு ஊரு அம்மையார்குப்பம். தறி வீடு. அம்மாக்கு அண்ணா தங்கவேல். அக்கா ஜெயா. எங்க பையனுக்கு திருத்தணி கொண்ட மேல காது குத்தறோம். அம்மா வீட்டு மனுசங்கோ யாராவது இத பாத்தா’. கொண்ட என்றால் தெலுங்கில் மலை. அதோடு நின்றுவிட்டது. கடைசியில் ‘மேலும் காண்க’ என்று எழுதியிருந்தாள். என்னத்தைக் காண்பது, ஒன்றும் இல்லையே, பாதியில் விட்டுவிட்டாளே என்று நானும் விட்டுவிட்டேன். நேற்றுதான் மோனிஷாவிடம் கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆயா, அது அவங்க எழுதுனது இல்ல. அத தொட்டாதான் மீதி தொறக்கும். நீ தொடவே இல்லியா?” என்றாள்.

நான் தொடவே இல்லை. நீங்கள் தொட்டிருக்கிறீர்கள். பதினேழு தப்பு எண்ண வேண்டுமானால் கடைசி வரைக்கும் படித்திருக்க வேண்டும். மீதியில் என்ன இருந்தது? என்ன நாள், எந்த ஊர்? காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். சுஜாதாவுக்கு அண்ணன் முறை என் மகன் சக்திவேல். மடி இங்கே இருக்கு. பிள்ளை எங்கே?

பதில் போடாவிட்டால் அரக்கோணத்துக்கே வந்துவிடுவேன். ரயிலில் அரை மணி நேரம்தான்.

ஜெயம்மாள்


அரக்கோணம்
11-8-2025

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதிலுள்ள பிழைகளை ஒரு நகலில் சிவப்பு மையால் குறித்து, அந்த நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் முப்பத்திரண்டு. தாங்கள் வருந்த வேண்டியதில்லை. சென்னையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திய கை இது. திருமண அழைப்பிதழ் வந்தாலும் முதலில் பேனாவைத்தான் தேடும்.

அந்தப் பெண்ணின் பதிவை நான் நீக்கவில்லை. அவராகவே நீக்கிவிட்டு வெளியேறினார். பிழையைச் சுட்டினால் திருத்திக்கொள்ள வேண்டும், ஓடக்கூடாது. ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி எழுதினால் நாளைக்கு யார் எழுதியதும் யாருக்கும் புரியாது. இதைச் சொல்ல ஒருவன் வேண்டும். ஊரார் ஏசினாலும் அந்த ஒருவனாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

பதிவின் பிற்பகுதியில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்வதானால் பிழைகள் பதினேழும் நினைவிருக்கின்றன. செய்தி நினைவில்லை. ஏதோ குடும்ப விசேஷம்.

கையேட்டில் ஒரு படி இணைத்துள்ளேன். பன்னிரண்டாம் பக்கம் தங்களுக்குப் பயன்படும்.

இங்ஙனம்
மு. கோதண்டம்


திருத்தணி
13-8-2025

கோதண்டம் அவர்களுக்கு,

சிவப்புக் கடிதம் வந்தது. “ஆயா, உனக்குப் பரீட்சை பேப்பர் வந்துகீது, பெயிலு” என்று மோனிஷா வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். என் மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனதையும் பார்த்தேன். அதுவும் ஞாபகம் இருக்கும்.

‘கேட்டுகினு’ என்று ஒரு சொல்லே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அறுபத்தாறு வருசமாக நான் அதிலேயே வந்துகினும் போய்க்கினும் இருக்கிறேன். இல்லாத சொல்லில் எப்படி இத்தனை நாள் குடியிருந்தேன்?

அது கிடக்கட்டும். குடும்ப விசேஷம் என்கிறீர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதனால் எனக்கு ஒரு பழக்கம். ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டால் போதும், அது போகாது. திரும்ப ஒரு முறை அவ்வளவு கஷ்டப்பட முடியாது இல்லையா? திங்கட்கிழமை நீங்கள் போட்ட பதினேழையும் படித்தேன். அதில் முதல் ஒன்பது, நான் பார்த்த வரிகளில் இருந்தது. மிச்சம் எட்டும் நான் பார்க்காத மீதியில் இருந்துதானே எடுத்திருப்பீர்கள்? ராத்திரி பகலாக அந்த எட்டையும் அடுக்கிப் பார்க்கிறேன், உடைந்த பானையைச் சேர்க்கிற மாதிரி.

பத்தாவது, ‘வாங்கோ’ என்பது தப்பு, ‘வாருங்கள்’ என்பதே சரி. ஆகவே வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பதினொன்றாவது, ‘ஆவனி’ தப்பு, ‘ஆவணி’ சரி. ஆகவே இந்த ஆவணியில் நாள் வைத்திருக்கிறாள். ஆவணி பிறக்க நாலு நாள்தான் இருக்கு. பதினாலாவது, ‘மடி இல்ல’ தப்பு, ‘மடி இல்லை’ சரி. ஆகவே பிள்ளை உட்கார மாமன் இல்லை என்று எழுதியிருக்கிறாள்.

ஆனால் பன்னிரண்டாவது இருக்கிறதே. ‘போயிட்டாங்கோ’ தப்பு, ‘போய்விட்டார்கள்’ சரி என்று போட்டீர்கள்.

யார் போய்விட்டார்கள்? எங்கே போய்விட்டார்கள்? நீங்கள் படித்தீர்கள். கையை வைத்துத் திருத்தினீர்கள். உங்களுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளியூருக்குப் போய்விட்டார்கள் என்றுகூட இருக்கலாம்.

இந்தக் கடிதத்திலும் தப்பு இருக்கும். எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணும்போது விஷயத்தையும் படியுங்கள்.

ஜெயம்மாள்


அரக்கோணம்
18-8-2025

ஜெயம்மாள் அம்மாவுக்கு,

நான்கு நாட்களாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் ஒரு குறிப்பேடு உண்டு. திருத்துவதற்கு முன் ஒவ்வொரு பதிவையும் முழுதாகக் கையால் படியெடுத்துக்கொள்வேன். பெயர், ஊர், பதிவு, பிழை எண்ணிக்கை என்று நான்கு பத்திகள். உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திறந்தேன். முதல் கடிதத்தில் நீங்கள் சொல்லியிருந்த அந்தப் பெண்ணின் வரிகளை என் படியோடு ஒப்பிட்டேன். ஒப்பிடுவது என் தொழில். அம்மா, ஓர் எழுத்து மாறவில்லை. பிறகு நான் போட்ட திருத்தங்களை, நீங்கள் சொன்ன எண்களோடு பார்த்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. எண்கூட மாறவில்லை.

அச்சகத்தில் பெரிய பெரிய பண்டிதர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நீங்கள் ஒருமுறை எழுத்துக்கூட்டினீர்கள், அது உங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான் மூன்று முறை படித்து, கையால் எழுதி, சிவப்பில் கோடு போட்டேன். எனக்குள் ஒரு வரி இல்லை. ஒரு குழந்தையின் காதுகுத்து என்பதையே நான் இப்போதுதான் படித்தேன். என் கையெழுத்தில், என் வீட்டில், என் மேசையில் இருந்ததை.

மீதியைக் கீழே தருகிறேன். எதையும் மாற்றவில்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

‘வாங்கோ. ஆவனி 19 வியாழக்கிழம காலைல. அம்மா போன தை மாசம் போயிட்டாங்கோ. கிட்னி. எங்க அக்காக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்ன மறந்திருக்க மாட்டா அப்டினு கடைசி வரைக்கும் சொன்னாங்கோ. எனக்கு அண்ணா தம்பி இல்ல. பையன் உக்கார மடி இல்ல. சீரு புடவ எதுவும் கேக்க மாட்டோம். வந்து உக்காந்தா போதும்.’

நான் திருத்தங்களைப் போட்ட பிறகு அவர் ஒரு பதில் எழுதினார். அதையும் படியெடுத்திருக்கிறேன். ‘சரிங்க சார். தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிடுங்கோ. அங்க வேணாம். இங்கயே பாத்துக்கறோம்.’ பக்கத்துப் பத்தியில், பிழை மூன்று என்று போட்டிருக்கிறேன்.

அவருக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை. என்னைத் தடுத்து வைத்திருக்கிறார். ஊர் என்ற பத்தியில் மட்டும் ஒரு பெயர் இருக்கிறது. நகரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நேரில் போகலாம் என்று இருக்கிறேன். நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கோதண்டம்


திருத்தணி
20-8-2025

கோதண்டம் ஐயாவுக்கு,

படித்தேன். எழுந்து போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சாவுச் சேதி கேட்டால் குளிக்க வேண்டுமே. ஏழு மாசம் கழித்துக் குளிக்கிறேன்.

தை மாதம் நான் என்ன செய்துகினு இருந்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். அந்த மாதத்தில் ஒவ்வொரு நாளும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள்கூட அவளை நினைக்கவில்லை. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன்.

நகரி இங்கிருந்து எவ்வளவு தூரம் தெரியுமா? பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறக்கிவிடுவான். முப்பத்தஞ்சு வருசம் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். அந்தப் பெண் அங்கிருந்து தட்டினது ஆகாசத்துக்குப் போய், அங்கே எங்கேயோ சுற்றி, என் உள்ளங்கையில் வந்து இறங்கியிருக்கு. என்ன பெரிய காரியம் அது! நான் அதைத் தொடாமல் பார்த்துகினு இருந்தேன்.

போய் வாருங்கள். சக்திவேல் மடியில் உட்கார்த்திக்கொள்வான் என்று சொல்லுங்கள். நான் வரலாமா என்று கேளுங்கள்.

ஜெயம்மாள்


அரக்கோணம்
25-8-2025

ஜெயம்மாள் அம்மாவுக்கு,

சனிக்கிழமை போய்வந்தேன். ரயிலில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஊருக்குள் நடந்தேன். எனக்குத் தெலுங்கு நூறு சொல் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெருக்குழாயடியில் இரண்டு பெண்களிடம் வழி கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப்போய் விட்டார்கள். நான் சொல்ல வந்தது அவர்களுக்குப் புரிந்துவிட்டதாம்.

விசைத்தறி ஓடும் வீடு. கணவர் தறியில் இருந்தார். சுஜாதா வெளியே வந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. “இன்னும் ஏதாவது தப்பு இருக்குதா சார்?” என்று கேட்டார். உங்கள் கடிதங்களை எடுத்து நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது உதடு அசைகிறது. உங்களுக்கும் அப்படித்தான் அசையும் என்று நினைத்துக்கொண்டேன். பையன் பெயர் அபி. மூன்று வயது. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும்.

இனி நான் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் கண் ஒரு மாதிரியானது, அம்மா. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததைத்தான் அது முதலில் பார்க்கும். அவர் குனிந்து படித்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். முப்பத்து மூன்று வயதுப் பெண், கல்யாணமானவர், கழுத்தில் தாலி இருக்கிறது. காதில் ஒன்றும் இல்லை. கழற்றி வைத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். துளையே இல்லை.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். “எனக்குக் குத்தல சார்” என்றார். பிறகு சொன்னார். “மூணு வயசுல அம்மா என்ன கொண்ட மேல தூக்கினு போனாங்கோ. தாய்மாமன் வரணும்னு கார்டு போட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் உக்காந்துகினு இருந்தாங்கோ. யாரும் வரல. அப்படியே எறக்கினு வந்துட்டாங்கோ. என் வீட்டு மடி கெடைக்கிற வரைக்கும் இவளுக்குக் குத்த மாட்டேன்னு நைனாகிட்ட சொல்லிட்டாங்கோ. நைனா சண்ட போட்டாரு, பாட்டி அழுதாங்கோ, ஊரே பேசிச்சு. கேக்கல. என் கல்யாணத்துக்கு ஒட்டற தோடு.”

என் மனைவி இருந்தால் சொல்லியிருப்பாள், இதெல்லாம் எழுதிவைக்க வேண்டியது என்று. நான் எதையெல்லாமோ எழுதிவைத்திருக்கிறேன்.

நீங்கள் வரலாமா என்று கேட்டேன். அவர் சொன்னது இது, அப்படியே தருகிறேன். “அன்னிக்கு ஏன் யாரும் வரலன்னு பெரியம்மாவ எழுதச் சொல்லுங்கோ. பேசறது வேணாம். பேச்சுன்னா மாத்திக்கலாம். எழுதட்டும்.”

கோதண்டம்


திருத்தணி
27-8-2025

கோதண்டம் ஐயாவுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு இல்லை. சுஜாதாவுக்கு. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கஷ்டப்பட வேண்டாம், நீங்கள் போய் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். ஒரு எழுத்தும் மாற்றாமல், விடாமல் படிக்க வேண்டும். அந்த வேலைக்கு உங்களை விட்டால் ஆள் கிடையாது.

சுஜாதா, உன் பெரியம்மா ஜெயம்மாள் எழுதுகிறேன்.

உங்கம்மாவை என் கொழுந்தனாருக்குப் பேசி நிச்சயம் செய்திருந்தோம். கல்யாணத்துக்கு அஞ்சு நாள் இருக்கும்போது அவள் நூல் வண்டியோடு வந்த உங்கப்பாவோடு போய்விட்டாள். அதுக்கப்புறம் என் மாமியார் வீட்டில் நான் பன்னிரண்டு வருசம் தலை நிமிரவில்லை. யார் யார் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். அது என் கோபம். அது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் நீ கேட்டது அது இல்லை. தொண்ணூற்றஞ்சாம் வருசம் மாசி மாதம் நான் அம்மையார்குப்பத்தில் எங்கண்ணன் தங்கவேல் வீட்டுக்குப் போயிருந்தேன். கார்டு வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். எங்கண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் மூணு பேரில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள் ரெண்டு பேர்தான், நானும் உங்கம்மாவும். என் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதினவள் அவள். கார்டைப் பார்த்ததும் கையெழுத்து தெரிந்துவிட்டது.

அண்ணன் ஆசையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கன்னிமாதானே? படி, படி” என்றார். அதில் இருந்தது இது. ‘அண்ணா வர பங்குனி உத்தரத்துக்கு திருத்தணி மல மேல பாப்பாக்கு காது குத்து. நீ வந்து மடில வெச்சிக்கணும். அக்காவையும் கூட்டினு வா. அவ திட்டினா திட்டட்டும். வந்தா போதும்.’ நான் படித்தேன், மனசுக்குள். வாயில், “நல்லாகீறாளாம். வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.

எங்கண்ணன் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்ளோ எழுத்து கீதே ஜெயா. இவ்ளோதானா சொல்றா?” என்றார்.

“இவ்ளோதான்” என்றேன்.

அவர் அதை நம்பினார். படித்த தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். ஒன்பது வருசத்துக்கு முன்னால் அவர் செத்துப்போகிறவரைக்கும், கன்னிமா ஒரு விசேஷத்துக்கும் நம்மைக் கூப்பிடவில்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு மடி இல்லாமல் போனது எங்கண்ணனால் இல்லை. அவரைத் திட்டாதே. தெரிந்திருந்தால் அவர் காலையிலேயே போய் மலையில் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் இருக்கு. கோதண்டம் ஐயா மேல் பழி போட்டு நான் எழுதின முதல் கடிதத்தில் அதை விட்டுவிட்டேன். நீ எழுதினதை நான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டேன். அவர் தப்பு எண்ணினது திங்கட்கிழமை மத்தியானம். நடுவில் ஒரு பகல், ஒரு ராத்திரி, ஒரு காலை. கன்னியம்மாள் என்ற பேரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ‘நான்தான் உன் பெரியம்மா’ என்று மூணு வார்த்தை எழுதியிருந்தால், அவர் என்ன எழுதியிருந்தாலும் நீ ஓடியிருக்க மாட்டாய். அவர் வார்த்தையைத்தான் திருத்தினார். நான் உன் அம்மாவையே திருத்தப் பார்த்தேன், முப்பத்தஞ்சு வருசமாக.

உங்கம்மா உன் காதை அப்படியே வைத்திருந்தாள் என்று படித்ததும் மோனிஷாவைக் கூப்பிட்டுத் திரும்பப் படிக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு எழுத்தை ரெண்டாவது தடவை கேட்டது அதுதான். நான்தான் ஊரிலேயே பெரிய வீம்புக்காரி என்று நினைத்திருந்தேன். அவள் வீம்பு முன்னால் என் வீம்பெல்லாம் ஒன்றுமே இல்லை. நான் கோபித்துக்கொண்டு கதவை மூடினேன். அவள் கோபித்துக்கொண்டு திறந்து வைத்திருக்கிறாள்.

ஆவணி பத்தொன்பது, காலை ஏழு மணியிலிருந்து மலையில் இருப்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.

உன் பெரியம்மா
ஜெயம்மாள்


அரக்கோணம்
1-9-2025

ஜெயம்மாள் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை படித்துக்காட்டினேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். தறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு இடத்தில் கண்ணாடியைத் துடைக்க நிறுத்தினேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். ஒரு சொல்லும் விடவில்லை. என் ஆயுளில் இவ்வளவு கவனமாக எதையும் படித்ததில்லை.

முடிந்ததும் கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பிறகு கணவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கோதண்டம்


திருத்தணி
5-9-2025, வெள்ளிக்கிழமை

கோதண்டம் அண்ணனுக்கு,

ஜெயம்மாள் எழுதுவது. நீங்கள் நலமா? எங்கள் வீட்டில் எல்லோரும் நலம்.

நேற்றைக்கு ஆறரை மணிக்கே மேலே போய்விட்டோம், நானும் சக்திவேலும் மருமகளும் மோனிஷாவும். தட்டில் பழம், பூ, பிள்ளைக்குச் சட்டை, சுஜாதாவுக்குப் புடவை. தோடு மட்டும் ரெண்டு ஜோடி. சக்திவேல் புது வேட்டி கட்டிக்கொண்டு காதுகுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். “யாருங்க வரணும்?” என்று ஆசாரி கேட்டார். “வருவாங்க” என்றான். வேறு வேறு பிள்ளைகள் வந்தன, வேறு வேறு மாமன்கள் உட்கார்ந்தார்கள், அழுகைச் சத்தம், சர்க்கரை, சிரிப்பு. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

அண்ணா, உட்கார்ந்துகினு இருப்பது என்றால் என்ன என்று நேற்றுதான் தெரிந்தது. மொட்டைத் தலையோடு கீழே இருந்து ஏறி வருகிற ஒவ்வொருத்தரையும் பார்க்க வேண்டியிருக்கு. சேலை கட்டின ஒவ்வொரு பெண்ணும் முதலில் அவளாக இருக்கிறாள், அப்புறம் அவளாக இல்லாமல் போகிறாள். கன்னிமா கையில் பிள்ளையோடு இப்படித்தான் பார்த்துகினு இருந்திருப்பாள். வெயில் தரையில் நகர்வதைப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் இதை அவள் எப்படித் தாங்கினாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

பதினொன்றரைக்கு வந்தார்கள். யாரும் காட்டவில்லை, நானே கண்டுகொண்டேன். புருசன் தோளில் பிள்ளை. அவள் கையில் செருப்பு. சக்திவேல் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே ரெண்டு கையையும் நீட்டினான். “வாடா மாமா” என்றான். எங்கள் பக்கத்தில் மாமன்தான் மருமகனை மாமா என்று கூப்பிடுவான். அபி ஒரு நிமிசம் அவனை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் அப்பன் தோளில் இருந்து வழுக்கி இறங்கி, தன் வீட்டில் நடக்கிற மாதிரி நடந்து வந்து, அந்த மடியில் உட்கார்ந்தான். குத்தினதும் மலையே கேட்கிற மாதிரி அழுதான். என் காதுக்கு அது மேளச் சத்தம் மாதிரி இருந்தது.

சுஜாதா என் பக்கம் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகள் கொடுத்த புடவையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், இதுவே பெரிசு என்று நினைத்தேன். ஆசாரி சாமானை எடுத்து வைக்கப் போனார். அப்போது அவள் ஆசாரி முன்னால் போய் உட்கார்ந்தாள். “எனக்கும் குத்தணும்” என்றாள்.

ஆசாரி அவள் காதைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார். “இந்தம்மாவுக்கு மாமன் யாரு?” என்றார்.

நான் எழுந்தேன். “மாமன் செத்துட்டாரு. அவர வரவிடாம நிறுத்தினவ நானு. அந்த எடத்துல நான் உக்கார்றேன்” என்றேன்.

“பொம்பளைங்க உக்கார்றது வழக்கம் இல்லீங்களேம்மா” என்றார்.

“நிறுத்தறது மட்டும் வழக்கமா?” என்றேன். எனக்கு நானே கேட்டுக்கொண்டதுதான். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். எனக்கு முட்டி மடங்காது, மோனிஷா பிடித்து உட்கார வைத்தாள். முப்பத்து மூணு வயசுப் பெண்ணை மடியில் எப்படி உட்கார வைப்பது? அவளே சாய்ந்து தலையை என் மடியில் வைத்தாள். என் பக்கம் முதுகைக் காட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துகினு இருந்தாள். தலை கனமாக இருந்தது, அண்ணா. ஒரு முழுத் தலை. தேங்காய் எண்ணெய் வாசனை. ஊரில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், பிள்ளை சக்திவேல் தோளில் விம்மிக்கொண்டே அம்மாவைப் பார்க்கிறான். ஆசாரி சந்தனம் தொட்டுப் புள்ளி வைத்துக் குத்தினார். அவள் சத்தம் போடவில்லை. என் புடவையை ஒரு பிடி பிடித்தாள், அவ்வளவுதான். ஒரு பொட்டு ரத்தம். நான் என் முந்தானையால் ஒற்றினேன். தோட்டை மாட்டினார்கள்.

“அந்தக் காதும்மா” என்றார் ஆசாரி.

கொஞ்ச நேரம் அவள் அசையவில்லை. அந்தக் காது குத்த வேண்டுமானால் முகத்தை என் பக்கம்தானே வைக்க வேண்டும்.

திரும்பினாள்.

அன்புடன்
ஜெயம்மாள்